தேய்ந்த எஞ்சின் பாகத்துக்குப் பூச்சு: எதைத் திருப்பித் தரும், எதைத் தராது

தர்மபுரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மெக்கானிக்கல் முடித்தவர். பெங்களூர் பீன்யாவில், விமான எஞ்சின் பாகங்களுக்குக் கோட்டிங் போடும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவருடைய அப்பாவுக்கு ஒரு சந்தேகம்: "தேய்ஞ்சு போனதுக்கு மேல எதையோ பூசி மறுபடியும் விமானத்துல மாட்டுறதா? செருப்புக்கு ஒட்டுப் போடுற மாதிரி இல்ல இருக்கு?" தம்பிக்கு இன்னொரு சந்தேகம்: இது பெயிண்ட் அடிக்கிற மாதிரியான வேலைதானா, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் இந்தத் தொழிலில் 28 வருஷம் பெங்களூரிலேயே இருந்தவன். பூச்சு தெளிக்கும் அறையான ஸ்ப்ரே பூத்தில் ஆரம்பித்து, கடைசியில் ஆய்வுக்கூடத்தில் முடித்தேன். அப்பாவின் கேள்வியை யாரும் சிரித்துத் தள்ளக் கூடாது. உள்ளே உட்கார்ந்து பறக்கப்போகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

முதலில், என்ன தேய்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் என்றால் முழுவதும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம், அதாவது ஜர்னல், நுண்ணிய அசைவால் தேயும். காற்றை அடைத்து வைக்கும் சீல் பரப்புகள் உரசித் தேயும். முன்னால் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் பிளேடுகளை உள்ளே வரும் தூசியும் மணலும் அரிக்கும். பிளேடின் அடிப்பகுதி, பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் தட்டான டிஸ்க்கின் பள்ளத்தில் உட்காருமிடத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு அதிர்ந்து அதிர்ந்து உலோகம் உலோகத்தைக் கடிக்கும். பின்னால், எரிந்த வாயு சுழற்றும் டர்பைனில் தேய்மானத்தைவிட வெப்பமும் ரசாயன அரிப்பும்தான் எமன். ஆக, 'தேய்ந்த பாகம்' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் நோய் ஐந்தாறு வகை; மருந்தும் அப்படியே.

பல நேரம் தேய்மானம் கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னது. ஒரு ஷாஃப்ட் ஜர்னலில் 80 மைக்ரான் குறைந்திருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் அவ்வளவுதான். ஆனால் பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டிய இடத்தில் ஒரு முடி அளவு குறைந்தால், அந்த ஷாஃப்டை அப்படியே மாட்ட முடியாது. மற்றபடி முழு ஷாஃப்டும் நன்றாகவே இருக்கிறது. நல்ல உலோகம், நல்ல வலிமை, நடுவில் இரண்டு அங்குல அகலத்தில் மட்டும் தோல் உரிந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது பெரிய செலவு. அதைவிட, புதுப் பாகம் வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், அதுவரை விமானம் தரையில் நிற்கும். இங்கேதான் கோட்டிங் வருகிறது. இழந்த அளவையும் தேய்ந்த தோலையும் அது திருப்பிக் கொடுக்கிறது.

இது எப்படி ஒட்டுகிறது என்பதுதான் விஷயமே. என் சின்ன வயசில் அல்சூர் மார்க்கெட் பக்கம் ஈயம் பூசுகிறவர் ஒருவர் வருவார். அம்மா பித்தளைக் குண்டானைக் கொடுத்தால், அவர் உடனே ஈயத்தை எடுக்க மாட்டார். மணல் போட்டு, காலால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். அப்புறம் உலையில் வைத்துச் சூடேற்றுவார், நவச்சாரம் தூவுவார், வெள்ளைப் புகை எழும். கடைசியில்தான் ஈயத்தைத் தொட்டு, துணியால் ஒரே வீச்சு. பாத்திரத்துக்கு அரைமணி நேரம் என்றால் ஈயம் பூசுவது அரை நிமிஷம். மீதி எல்லாம் தயார் செய்வதுதான். எங்கள் வேலையிலும் இதே கணக்குதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். உருகிய ஈயம், அதாவது வெள்ளீயம், பித்தளையை நனைத்து, செம்போடு சேர்ந்து ஒரு மெல்லிய கலப்பு அடுக்காக மாறிப் பிடித்துக்கொள்ளும். வெப்பத் தெளிப்பு முறையில், அதாவது தெர்மல் ஸ்ப்ரேயில், பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இதற்குச் சரியான உதாரணம் வறட்டி தட்டுவதுதான். சொரசொரப்பான மண்சுவரில் சாணியை அறைந்தால் அது பரவி, சுவரின் குழிகளுக்குள் போய்க் கெட்டியாகி, பிடித்துக்கொள்ளும். வழவழப்பான டைல்ஸ் சுவரில் தட்டிப் பாருங்கள், காய்ந்ததும் தானாக விழும். எங்கள் பவுடர் துகள் ஒவ்வொன்றும் சுமார் 15 முதல் 45 மைக்ரான். அது உருகியோ பாதி உருகியோ பாகத்தின் மேல் வேகமாக மோதி, தட்டையாகி, நொடியின் மிகச் சிறிய பங்கில் உறைந்துவிடும். அடுத்த துகள் அதன் மேல். இப்படி லட்சக்கணக்கான குட்டி வறட்டிகள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி நிற்பதுதான் பூச்சு.

இந்த யோசனையின் தகப்பன் ஸுவிட்சர்லாந்துக்காரரான மாக்ஸ் ஷூப். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பையன் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட ஈயக் குண்டு சுவரில் மோதித் தட்டையாகி ஒட்டியதைப் பார்த்துத்தான் அவருக்கு இது தோன்றியது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, இயற்பியல் சரியாக இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த முன்னேற்றம் எல்லாம் இரண்டு திருகாணிகளைத் திருப்பிய கதைதான்: ஒன்று வெப்பம், இன்னொன்று வேகம். பிளாஸ்மா ஸ்ப்ரேயில் ஆர்கான் வாயுவின் நடுவே மின்வில் உண்டாக்குவார்கள். நடுவில் வெப்பம் 10,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பெரும்பாலான பீங்கான்களை உருக்கிவிடலாம். ஆனால் டங்ஸ்டன் கார்பைடு மாதிரி கடினமான பொருளை அதில் போட்டால், அளவுக்கு மீறிய சூட்டில் அதிலிருக்கும் கார்பன் எரிந்துபோய், மிஞ்சுவது நொறுங்கும் பொருளாகிவிடும். அதற்கு மறுமொழியாக 1980களில் பரவியதுதான் எச்.வி.ஓ.எஃப்., அதாவது அதிவேக ஆக்சிஜன்-எரிபொருள் தெளிப்பு. மண்ணெண்ணெயோ வேறு எரிபொருளோ ஆக்சிஜனுடன் அழுத்தமான அறையில் எரிந்து, ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் குழலிலிருந்து சீறும். சுடர் சுமார் 3,000 டிகிரிதான்; ஆனால் துகளின் வேகம் நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் போகும். சூட்டைக் குறைத்து அடியை பலமாக்கிவிட்டார்கள். விளைவு, நுண்துளை 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் பூச்சு, கடினத்தன்மை, அதை அளக்கும் விக்கர்ஸ் கணக்கில், 1,000க்கு மேல்.

இதே பாதையில் இன்னும் ஒரு எட்டு போனவர்கள் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் அனடோலி பாபிரினின் குழுவினர், அதுவும் 1980களில்தான். அவர்கள் கண்டது: உருக்கவே வேண்டாம். அலுமினியம், செம்பு மாதிரி நெகிழும் உலோகத் துகளைப் போதுமான வேகத்தில் எறிந்தால், மோதும் இடத்தில் அது சேறு மாதிரி பிதுங்கி, மேலே இருக்கும் ஆக்சைடு படலத்தைக் கிழித்துக்கொண்டு உலோகத்தோடு உலோகமாக ஒட்டுகிறது. இதைக் கோல்டு ஸ்ப்ரே என்கிறோம். ஹெலிகாப்டர் கியர்பாக்ஸின் மக்னீசியக் கூடு அரித்துப்போனால் இதுதான் சரியான வழி. மக்னீசியத்தில் வெல்டிங் வைப்பது மகா தொல்லை; சூட்டில் கூடு கோணிவிடும். கோல்டு ஸ்ப்ரே அந்தச் சூட்டையே கொடுப்பதில்லை.

முன்பு ஜர்னல்களுக்கு ஹார்டு குரோம் முலாம்தான் எல்லாரும் போட்டார்கள். இன்றைக்கு டங்ஸ்டன் கார்பைடு அந்த இடத்தைப் பிடித்ததற்கு வெறும் தரம் மட்டும் காரணமில்லை. குரோம் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கூடவே, முலாம் பூசும்போது உருவாகும் ஹைட்ரஜன் வலுவான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைத்துவிடும். அதை வெளியேற்றப் பாகத்தை 190 டிகிரி அடுப்பில் மணிக்கணக்காக வைக்க வேண்டும். தொட்டிப் பக்கம் வேலை செய்த என் மூத்த சகாக்கள் சிலருக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டையே விழுந்திருந்தது. அதனால் இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்றவன்.

சரி, ஒரு ஜர்னலை எடுத்துக்கொண்டு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பாகம் வந்ததும் கழுவி, பழைய பூச்சு இருந்தால் முழுவதும் உரித்து, ஒளிரும் திரவத்தைத் தடவி இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் விரிசல் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் பச்சை மஞ்சளாக ஒரு கோடு மினுங்கும். எஞ்சின் தயாரித்தவரின் மேனுவல் அனுமதிக்காத இடத்தில் அந்தக் கோடு தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது. கோடு இல்லாவிட்டால், தேய்ந்த பரப்பை இன்னும் கொஞ்சம் கடைந்து குறைப்பார்கள். இதைக் கேட்டதும் புதுசாக வருகிறவர்கள் முழிப்பார்கள்: தேய்ந்ததை இன்னும் தேய்ப்பானேன்? மேடு பள்ளமாக இருக்கும் பரப்பில் பூசினால் பூச்சின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். பாதிக்கப்பட்ட மேல்தோலும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் முதலில் ஒரே சீராகக் குறைத்து, பூச்சு போட வேண்டாத இடங்களை எல்லாம் மூடி, அலுமினியம் ஆக்சைடான அலுமினாத் துகளை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்கி (இதுதான் பிளாஸ்டிங்), அதன்பின் ஸ்ப்ரே. தேவைக்கு அதிகமாகவே பூசி, டயமண்டு சக்கரத்தால் கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். பூச்சைத் தெளிக்கும் கன்னைப் பிடித்திருப்பது ரோபோ. ஸ்ப்ரே அடிக்கும் நேரம் சில நிமிஷம். முன்னும் பின்னும் நடக்கும் வேலை நாள்கணக்கு.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்தில், ஒரு ஜூலை மாதம். பெங்களூரில் ஜூலை என்றால் தெரியுமே, நாள் முழுக்கச் சிணுங்கும் தூறல், துணி காயாது. ஒரு எஃகு ஜர்னலை பிளாஸ்டிங் முடித்து வைத்தோம். ஸ்ப்ரே பூத்தில் வேறு பாகம் ஓடிக்கொண்டிருந்தது, அது முடிய வேண்டும் என்று காத்திருந்தோம். சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. மூன்று மணி நேரம் கழித்துப் பூசினோம். பார்க்க அருமையாக இருந்தது, சாம்பல் நிறத்தில் வெல்வெட் மாதிரி. மறுநாள் கிரைண்டிங்கில் சக்கரம் தொட்ட பத்தாவது நிமிஷம், 'டிக்' என்று ஒரு சத்தம். கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு தெறித்து விழுந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார் எங்கள் போர்மேன், கோலாரிலிருந்து வந்த தமிழர். உள்பக்கம் தேநீர்க் கறை மாதிரி லேசான பழுப்பு. அவர் சத்தம் போடவில்லை. "இது துரு. நீங்க துரு மேல பூசியிருக்கீங்க" என்றார், அவ்வளவுதான்.

பிளாஸ்டிங் செய்த பரப்பு பிறந்த குழந்தை மாதிரி. ஈரக் காற்று பட்டாலே மாறும், விரல் பட்டால் எண்ணெய் ஒட்டும். அன்றைக்குப் பிறகு எங்கள் பட்டறையில் பிளாஸ்டிங் முடிந்த நேரத்தை அட்டையில் எழுதி பாகத்தோடே கட்டினோம். குறித்த நேரத்துக்குள் ஸ்ப்ரே ஆரம்பிக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அந்த ஜர்னலை உரித்து, திரும்பப் பரிசோதித்து, திரும்பப் பூசி அனுப்ப இன்னும் பத்து நாள் ஆனது. அந்தச் சில்லை நான் ரொம்ப வருஷம் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

நல்ல வேளை, அது கிரைண்டிங்கிலேயே தெறித்தது. தெறிக்காத பூச்சு நன்றாக ஒட்டியிருக்கிறது என்று எப்படி நம்புவது? மாட்டப்போகிற பாகத்தை உடைத்துப் பார்க்க முடியாது. அதனால் பாகத்தோடு கூடவே, அதே உலோகத்தில், அதே பிளாஸ்டிங்கில், அதே கன்னின் முன்னால் சில சாட்சித் துண்டுகளையும் வைத்துப் பூசுவோம். கூப்பன் என்று சொல்வோம். ஒன்றில், ஓர் அங்குல விட்டமுள்ள பூசிய முகத்தை வலுவான பசையால் இன்னொரு துண்டோடு ஒட்டி, இழுக்கும் எந்திரத்தில் மாட்டி இழுப்போம். நல்ல கார்பைடு பூச்சு சதுர சென்டிமீட்டருக்கு 700 கிலோ இழுவையையும் தாங்கும். அந்தச் சின்ன வட்டத்துக்கு அது மூன்றரை டன். பெரும்பாலும் பசைதான் முதலில் விடும், பூச்சு விடாது. இன்னொரு கூப்பனைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி மாதிரி மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்போம். பூச்சும் அடி உலோகமும் சேரும் கோட்டில் பிளாஸ்டிங் மணல் மாட்டியிருக்கிறதா, கருப்பாக ஆக்சைடு ஓடுகிறதா, நுண்துளை எவ்வளவு என்று எல்லாம் தெரியும். தம்பி, பெயிண்ட் அடிக்கிற வேலையா என்று கேட்டீர்களே, அந்தக் குறுக்கு வெட்டை ஒருமுறை 200 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சுவரின் முழு வரலாறும் அதில் இருக்கும்: எந்த வரிசை சூடு குறைவாகப் போனது, எங்கே கன் தூரம் விலகியது, எல்லாமே.

டர்பைன் பக்கம் போனால் விஷயம் இன்னும் ஆழம். இன்றைய பெரிய எஞ்சின்களில் எரியறையிலிருந்து வரும் வாயு 1,500 டிகிரியைத் தாண்டும். அதில் நிற்கும் பிளேடு நிக்கல் கலப்பு உலோகம். அது சுமார் 1,300 டிகிரிப் பக்கத்திலேயே உருக ஆரம்பித்துவிடும். தன்னைவிடச் சூடான நெருப்பில் ஒரு உலோகம் ஆயிரக்கணக்கான மணி நேரம் நிற்கிறது. எப்படி? இரண்டு தந்திரம். பிளேடு உள்ளே குழல் மாதிரி குடைந்து, கம்ப்ரசரிலிருந்து எடுத்த காற்றை அனுப்பி, மேலே இருக்கும் நுண்ணிய ஓட்டைகள் வழியாகப் போர்வை மாதிரி விடுகிறார்கள். அதற்கும் மேல் ஒரு பீங்கான் சட்டை: இட்ரியா கலந்த சிர்கோனியா, அதாவது இட்ரியம் ஆக்சைடு கலந்த சிர்கோனியம் ஆக்சைடு. கால் மில்லிமீட்டர் கூட இருக்காது. ஆனாலும் அந்தத் தடிமனுக்குள் உலோகத்தின் வெப்பத்தை 100 டிகிரிக்கு மேல் இறக்கிவிடும்.

அந்த இட்ரியா எதற்கு என்பது எனக்குப் பிடித்த பாடம். சுத்தமான சிர்கோனியா சூடாகும்போது சுமார் 1,170 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். குளிரும்போது திரும்பப் பழைய அமைப்புக்கு வந்து 4, 5 சதவீதம் பருமன் வீங்கும். ஒவ்வொரு முறை எஞ்சினை நிறுத்தும்போதும் பூச்சு இப்படி வீங்கினால் இரண்டு நாளில் பொடிப்பொடி. அதில் 6 முதல் 8 சதவீதம் இட்ரியா சேர்த்தால் அந்த மாற்றம் கட்டுக்குள் நிற்கிறது. உப்பு மாதிரி; கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பதம் போய்விடும்.

பீங்கான் நேராக நிக்கலில் ஒட்டாது. நடுவில் நிக்கல், கோபால்ட், குரோமியம், அலுமினியம், இட்ரியம் சேர்ந்த ஓர் உலோகப் பூச்சு வேண்டும். அதை பாண்டு கோட் என்கிறோம். அதன் முதுகில் ஒரு மெல்லிய அலுமினா படலம் தானாகவே வளரும். ஆக்சிஜனை அதுதான் தடுக்கிறது, காவல்காரன் மாதிரி. ஆனால் அந்தப் படலம் வளர்ந்துகொண்டே போகும். சில மைக்ரான் தாண்டியதும் அதுவே உள்ளிருந்து நெம்பி, மேலே இருக்கும் பீங்கானைத் தள்ளிவிடும். ஓவர்ஹாலுக்கு, அதாவது எஞ்சினை முழுவதும் பிரித்துச் சரிபார்க்கும் வேலைக்கு, வரும் பிளேடுகளில் முனையிலும் முன் விளிம்பிலும் பீங்கான் உதிர்ந்து, திட்டுத் திட்டாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்போது செய்யும் பழுது வேலை ஜர்னலைவிடப் பல மடங்கு சிக்கல். பீங்கானையும் பாண்டு கோட்டையும் உரிக்க வேண்டும். பாண்டு கோட் கொஞ்சம் அடி உலோகத்துக்குள்ளேயே ஊறிப்போயிருக்கும், உரிக்கும்போது அந்தப் பகுதியும் போகும். அதாவது ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் பிளேடின் சுவர் மெலிகிறது. மீயொலி கொண்டு சுவரின் தடிமனை அளந்து, குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்தால்தான் அடுத்த படி. முனை தேய்ந்திருந்தால் லேசரால் உலோகத்தை உருக்கிச் சேர்க்கும் லேசர் கிளாடிங் மூலம் அதை வளர்ப்பார்கள். அப்புறம் பூச்சு. பூசினால் காற்று ஓட்டைகள் பாதி அடைபடும், அதைத் திரும்பத் திறந்து, ஒவ்வொன்றிலும் காற்று சரியாகப் போகிறதா என்று சோதிக்க வேண்டும். ஓர் ஓட்டை அடைத்திருந்தால் அந்த இடம் சூடாகி, அங்கிருந்து எரிய ஆரம்பிக்கும். அதனால் ஒரு பிளேடை இத்தனை முறைதான் பழுது பார்க்கலாம் என்று வரம்பு உண்டு.

நம் ஊர் வானத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. டெல்லியில் கோடையில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் புழுதி கம்ப்ரசர் பிளேடை அரிக்கும். மிச்சம் உள்ளே போய் டர்பைனில் உருகும். கால்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆக்சைடுகள் கலந்த அந்தப் புழுதி சுமார் 1,200 டிகிரியில் கண்ணாடிக் குழம்பு மாதிரி ஆகி, பீங்கானின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். ஆறினதும் கெட்டி. நெகிழ்ந்து கொடுக்கத்தான் அந்தத் துளைகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அவை அடைபட்டால் பீங்கான் விறைத்து, உரிந்து போகும். 1982 ஜூன் 24 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் போய் நான்கு எஞ்சினும் நின்றது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உருகிய சாம்பல் உள்ளே ஒட்டிக்கொண்டது. எஞ்சின் நின்று குளிர்ந்ததும் அது நொறுங்கி விழுந்து, திரும்ப ஓட்ட முடிந்தது. அது சாம்பல், இது புழுதி; வேதியியல் உறவுக்காரர்கள்தான்.

மும்பையில் கதை வேறு. அங்கே கடல் காற்றின் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேட்டாக டர்பைனில் படியும்; 700 முதல் 900 டிகிரி வாக்கில் அது உலோகத்தை உள்ளேயிருந்து தின்னும். அதற்குப் பீங்கான் உதவாது. அலுமினியமோ, பிளாட்டினத்தோடு சேர்ந்த அலுமினியமோ மேல்தோலில் ஊறும்படி செய்யும் பூச்சு வேண்டும். இங்கே தெளிப்பே கிடையாது. பாகத்தை அலுமினியம் ஆவியாகும் பெட்டிக்குள் வைத்துச் சுட்டெடுப்பார்கள். ஊறுகாய் போடுவது போல என்று எங்கள் லேபில் இருந்த அக்கா ஒருவர் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்; மேலே பூசவில்லை, உள்ளே இறங்கவிடுகிறோம் என்பது அதில் சட்டென்று புரியும்.

தேய வேண்டும் என்பதற்காகவே போடும் பூச்சும் உண்டு. கம்ப்ரசரின் வெளிக்கூடான கேசிங்கின் உள்சுவரில் அலுமினியம் சிலிக்கானோடு பாலியெஸ்டர் கலந்து மென்மையாகப் பூசுவார்கள். சுழலும் பிளேடின் முனை உரசினால் பிளேடு பிழைத்துக்கொள்ளும், பூச்சுதான் தேயும். இதனால் இடைவெளியை மிகக் குறைவாக வைக்க முடிகிறது. உயர் அழுத்த டர்பைனில் முனை இடைவெளி கால் மில்லிமீட்டர் கூடினாலே எரிபொருள் செலவு சுமார் 1 சதவீதம் ஏறும் என்பார்கள். டன் கணக்கில் எரிக்கும் எஞ்சினில் அது சின்னத் தொகை இல்லை.

இப்போது அப்பாவுக்கான பதில். ஐயா, செருப்பு உதாரணம் ஓர் இடத்தில் சரி, ஓர் இடத்தில் தவறு. பூச்சு எதைத் திருப்பித் தருகிறது? அளவு, கடினமான தோல், வெப்பத் தடுப்பு, அரிப்புத் தடுப்பு. பல நேரம் பழையதைவிட நல்ல தோலையே தருகிறது. குரோம் இருந்த இடத்தில் கார்பைடு போட்டால் அந்த இடம் முன்பைவிட அதிக நாள் வரும். எதைத் தராது? வலிமை. விரிசல் விட்ட பாகத்தைப் பூச்சு ஒட்டவைக்காது. களைத்துப்போன உலோகத்தின் களைப்பைப் போக்காது. எஞ்சினின் டிஸ்க்குகள் போன்ற முக்கிய சுழல் பாகங்களுக்கு விமானம் இத்தனை முறை ஏறி இறங்கும் வரைதான் என்று ஆயுள் எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை முடிந்தால் பார்ப்பதற்குப் புதுசு மாதிரி இருந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். எந்தப் பூச்சும் அந்தக் கணக்கை ஒரு எண் கூடப் பின்னால் திருப்பாது. இந்த வேலையில் மிக ஆபத்தானவர் மோசமாகப் பூசுகிறவர் அல்லர். பூசவே கூடாத பாகத்துக்கு அழகாகப் பூசித் தருகிறவர்தான். மோசமான பூச்சு 'டிக்' என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அழகான பூச்சு அடியில் இருக்கும் விரிசலை மூடி மறைத்துவிடும்.

1995 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு டிசி-9 விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது, வலது எஞ்சினின் கம்ப்ரசர் டிஸ்க் ஒன்று உடைந்து சிதறியது. துண்டுகள் எரிபொருள் குழாயை அறுத்து, கேபினில் தீ. நல்ல வேளையாக எல்லாரும் உயிரோடு இறங்கினார்கள். விசாரணையில் தெரிந்தது: முந்தைய ஓவர்ஹாலின்போதே அந்த டிஸ்க்கில் கண்டுபிடிக்கக் கூடிய அளவுக்கு விரிசல் இருந்தது, பரிசோதனை ஒழுங்காக நடக்கவில்லை. அதோடு இன்னொன்றையும் எழுதினார்கள்: ஒவ்வொரு படியையும் செய்தவர் கையெழுத்திட்டுப் போகும் வேலைத்தாள் முறை அங்கே இல்லாததும் ஒரு காரணம். இது கோட்டிங் விபத்து இல்லை. ஆனாலும் எங்களிடம் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று பட்டறையில் முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்தக் காகிதம்தான் இருட்டறையில் கோட்டைப் பார்த்தவரையும், மாட்டியவரையும், விமானத்தில் உட்கார்ந்தவரையும் சேர்த்துக் கட்டும் கயிறு.

அதனால்தான் நினைத்தவர் நினைத்த பாகத்துக்குப் பூச முடியாது. எஞ்சின் தயாரித்தவரின் மேனுவலிலோ, அங்கீகரிக்கப்பட்ட பழுது முறையிலோ எந்தப் பாகத்துக்கு எந்தப் பவுடர், எவ்வளவு தடிமன் வரை என்று இருக்க வேண்டும். இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி பெற்ற பராமரிப்பு நிறுவனம்தான் அதைச் சான்றிதழோடு விடுவிக்கலாம். சிறப்புச் செயல்முறைகளுக்கு நாட்கேப் என்ற சர்வதேச அங்கீகாரத்தையும் கேட்பார்கள். நேர்முகத் தேர்வில் உங்களை அவர்கள் கேள்வி கேட்பது போல, இவை இரண்டும் இருக்கிறதா என்று நீங்களும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடம் என்றால் யோசியுங்கள்.

பெங்களூர் இதற்கு நல்ல ஊர். விமானம் கட்டும் எச்.ஏ.எல். நிறுவனம் 1940இல் தொடங்கிய இடம். 1957இல் ஆர்ஃபியஸ் என்ற ஜெட் எஞ்சினுக்காக ஆரம்பித்த எஞ்சின் பிரிவும் இங்கேதான். நம் நாட்டுப் போர் விமானத்துக்கான காவேரி எஞ்சினில் பாடுபட்ட ஆராய்ச்சி நிறுவனமான ஜி.டி.ஆர்.இ. சி.வி.ராமன் நகரில். இந்த நிறுவனங்களைச் சுற்றி வளர்ந்த சின்னப் பட்டறைகளில் நிறையப் பேர் நம் பக்கத்து ஆட்கள். தமிழிலேயே வேலை கற்றுக்கொள்ளலாம். 2020 ஏப்ரலில் விமானப் பராமரிப்பு வேலைக்கான ஜிஎஸ்டியை 18லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். முன்பு சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் போன வேலை கொஞ்சம் கொஞ்சமாக இங்கே திரும்ப அது ஒரு வழி. வேலை குறையாது.

ஒரு எச்சரிக்கை மட்டும் அண்ணனாகச் சொல்கிறேன். கார்பைடு பவுடரில் கோபால்ட் இருக்கிறது, அதை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கேடு. எச்.வி.ஓ.எஃப். கன்னின் சத்தம் ஜெட் விமானத்தின் பக்கத்தில் நிற்பது போல. பூத் கதவு திறந்திருக்கும்போது ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பிளாஸ்மா ஒளியைக் கண்ணாடி இல்லாமல் பார்க்காதீர்கள். பவுடர் டப்பா மாற்றும் இரண்டு நிமிஷத்துக்குத்தானே என்று மாஸ்க் இல்லாமல் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், பிற்பாடு அவர்கள் இருமுவதையும் கேட்டிருக்கிறேன்.

சேர்ந்தால் முதல் ஆறு மாதம் ரோபோ பக்கம் போக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். மாஸ்கிங் மேஜையிலும் பிளாஸ்டிங் பூத்திலும் நில்லுங்கள். மாலையில் ஷிப்ட் முடிந்ததும் லேபுக்குப் போய், அன்று பூசிய கூப்பனின் குறுக்கு வெட்டைக் காட்டச் சொல்லுங்கள். காலையில் உங்கள் கையால் பிளாஸ்டிங் செய்த பரப்பு அங்கே ஒரு கோடாகத் தெரியும். அதில் கருப்புப் புள்ளி ஏதாவது இருந்தால், அது எந்த நிமிஷத்தில் வந்தது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போங்கள். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.